முதுகுக்குப் பின்னால் பேச்சி

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று என் முதுகுக்கு ஜாதகம் பார்த்தாயிற்று. எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, பேனா முனையை ஓர் இடத்தில் வைத்து, "ஜவ்வு பிதுங்கியிருக்கு. தேய்மானம் வேற. உங்களுக்கு அம்பத்திரண்டு வயசு, உங்க முதுகுக்கு எழுபது" என்றார். என் உடம்பிலேயே எனக்கு மூத்தவர் ஒருவர் குடியிருப்பது இதுநாள் வரை தெரியாது.

குனியக் கூடாதாம், தூக்கக் கூடாதாம், நெடுநேரம் நிற்கவும் கூடாதாம். பகலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதுகிறவன் நான். சாயங்காலமானால் பட்டிமன்ற மேடையில் ஆட்களைச் சிரிக்க வைக்கிறவன். சோறு போடுவது முதல் தொழில். மனுஷனாக வைத்திருப்பது இரண்டாவது. நிற்கக் கூடாது என்றால் இரண்டாவது அவுட்.

டாக்டரிடம் கேள்வி கேட்டது நான் அல்ல, என் மனைவி. "கால் விழுந்துருமா டாக்டர்?"

"கவனமா இல்லேன்னா எதையும் சொல்றதுக்கில்லம்மா."

அந்த 'சொல்றதுக்கில்ல'வை அவள் அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். ஆட்டோவில் வீடு வரை வாய் திறக்கவில்லை. அவள் பெயர் பேச்சியம்மாள். சபைக்குச் சொல்கிறேன் (டைரி எழுதினாலும் சபைக்கு வணக்கம் சொல்லத்தான் கை போகிறது): "மேடையில் எனக்குப் பேச்சு; வீட்டில் எனக்குப் பேச்சி. மேடையில் நான் நிறுத்தினால் பேச்சு நிற்கும். வீட்டில்?" இங்கே ஒரு மூச்சு விட்டால் போதும், பாக்கியைச் சபையே சிரித்து முடித்துவிடும். தூத்துக்குடி முதல் தென்காசி வரை இந்த ஆறுமுகநயினாரைத் தெரியாதவர்களுக்குக்கூடப் பேச்சியைத் தெரியும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

படுத்தபடியே எண்ணெய் தேய்த்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே குளித்து, சாய்ந்தபடியே அதிரசம் தின்றேன். அதிரசத்துக்கு மட்டும் டாக்டர் தடை சொல்லவில்லை.

சாயங்காலம் தவசி வந்தான். எங்கள் குழுவில் எனக்கு அடுத்த ஆள், டவுனில் பாத்திரக்கடை. தீபாவளி நிகழ்ச்சியில் என் இடத்தில் அவன்தான் பேசினானாம்.

"எப்படிப் போச்சுவே?"

"நீங்க இல்லாம ஒரு மாதிரிதான் இருந்துச்சு அண்ணாச்சி."

"ஒரு மாதிரின்னா? நல்ல மாதிரியா, கெட்ட மாதிரியா?"

"முதுகைப் பாருங்க அண்ணாச்சி. மேடை எங்கயும் ஓடிராது."

மேடை ஓடாது, சரி. அதில் ஏறக் காத்திருக்கிறவன் ஓடிப்போய் முதலில் ஏறிக்கொள்வானே! போகும்போது அடுக்களைக்குள் எட்டிப் பார்த்து, "வரட்டா மதினி" என்றான். பேச்சி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். வழக்கமாகப் போகமாட்டாள்.

அக்டோபர் 29, புதன்

கார்த்திகை மாத நிகழ்ச்சிகளுக்கு இந்நேரம் போன் வந்து குவிந்திருக்க வேண்டும். ஒன்றையும் காணோம். போனே பெரும்பாலும் அடுக்களையில்தான் கிடக்கிறது. கேட்டால், "சார்ஜ் போட்டிருக்கேன்" என்கிறாள். நாள் முழுக்கச் சார்ஜ் ஏறும் போனை இப்போதுதான் பார்க்கிறேன்.

பேனா கீழே விழுந்தால் ஓடிவந்து எடுக்கிறாள். திரும்பிப் படுத்தால் "மெதுவா!" என்கிறாள். தும்மினாலும் "மெதுவா!" மெதுவாகத் தும்முவது எப்படி என்று தெரிந்தவர்கள் தகவல் தரவும்.

இத்தனைக்கும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி. கூந்தலில் பிச்சிப்பூ. கடைக்குப் போய்வர ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறாள். முன்பெல்லாம் பையைக் கொடுத்து என்னைத்தான் விரட்டுவாள்.

நவம்பர் 6, வியாழன்

சார்பதிவாளர் ஐயா சொன்னார் என்று பிசியோதெரபிக்குப் போனேன். பிரிஸ்கில்லா என்று ஒரு பெண், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயசிருக்கும். கட்டிலில் குப்புறப் போட்டுக் கரண்ட் வைப்பார்கள் என்று நினைத்துப் பழைய பனியன் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஸ்கேன் படத்தை நீட்டினேன். "அது இருக்கட்டும் சார்" என்று மேசையோரம் வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் படத்தை எவரும் அப்படி ஓரம் கட்டியதில்லை, போஸ்டரில்கூட.

"உங்களுக்கு என்ன செய்யணும் சார்?"

"நிக்கணும்மா. மைக் முன்னாடி ஒரு பேச்சு முடியற வரைக்கும் நிக்கணும்."

"வலி போகணும்னு நீங்க சொல்லலையே?"

அப்போதுதான் கவனித்தேன். சொல்லவில்லைதான்.

பிறகு ரொம்ப நேரம் பேசினோம். பேசினோம் என்ன, நான் பேசினேன், அவள் கேட்டாள். இடையில் ஒரு தடவைகூட வாட்சைப் பார்க்கவில்லை. நடுவர்களே இவளிடம் வந்து படிக்க வேண்டும். வலியே இல்லாமல் ஓடியாடுகிறவர்களைப் பிடித்துப் படம் எடுத்தாலும் நிறையப் பேருக்கு இந்த மாதிரி ஜவ்வு பிதுங்கி இருக்குமாம், தேய்மானம் என்பது முதுகுக்கு வரும் நரை மாதிரியாம். எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"வில்லங்கச் சான்று மாதிரின்னு சொல்லுங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாடி அடைச்ச அடமானமும் அதுல வரும். அதுக்காக வீடு ஏலத்துல இருக்குன்னு அர்த்தமில்ல."

சிரித்துவிட்டாள். "இதை நான் மத்த பேஷண்டுக்குச் சொல்லலாமா சார்?"

"என் பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

அப்புறம் சொன்னாள்: "உங்க வலி நிஜம் சார், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா வலிக்குதுன்னா உள்ளே ஏதோ உடையுதுன்னு அர்த்தமில்ல. முதுகு சேதி அனுப்பும். அது ஆபத்தா இல்லையான்னு முடிவு கட்டறது மூளை. தூக்கம் கெட்டா, பயம் கூடினா, பிடிச்ச வேலையை விட்டுட்டு உக்காந்தா, மூளை சின்னச் சேதிக்கும் பெரிய மணி அடிக்கும். அந்த மணியைக் கொஞ்சம் கொஞ்சமா அடக்கப் பாப்போம்."

வீட்டுக்கு வந்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பேச்சியிடம் வரி விடாமல் ஒப்பித்தேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப மேடைக்குப் போலாம்னு சொல்லிட்டாளா?"

நவம்பர் 15, சனி

வீட்டுப்பாடம்: கொல்லையில் நின்றுகொண்டு பேச வேண்டும். நேற்றைவிட இன்று கொஞ்சம் கூட. வலித்தால் பயப்படாமல் ஒரு நடை நடந்துவிட்டு மறுபடி நிற்க வேண்டும். மைக்குக்குப் பதில் கரண்டி. சபை: ஒரு முருங்கை மரம், எதிர்வீட்டு ஆச்சி வளர்க்கும் கோழிகள். கைதட்டல் சுமார்.

இன்று தரையில் கிடந்த எலுமிச்சம்பழத்தைக் குனிந்து எடுத்தேன்! மாதக்கணக்கில் குனியாதவன். பழத்தைத் தூக்கிக் கோப்பை வாங்கியவன் மாதிரி காட்டினேன். பின்னாலிருந்து "மெதுவா!" என்று ஓர் அலறல். அதுவரை இல்லாத வலி இடுப்பில் சுளீரென்று பிடித்தது.

பிரிஸ்கில்லாவிடம் சொன்னேன். "உங்க வீட்டம்மாவையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார். அவங்களுக்கும் பயம் இருக்கும்" என்றாள். சரி என்றேன். பேச்சியிடம் கேட்கவில்லை. அங்கே வந்து அவளும் பேச ஆரம்பித்தால் என் நேரம் போய்விடும்.

நவம்பர் 24, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடைக்காரர், "அண்ணாச்சி, இதைப் பாத்தியளா?" என்று போனை நீட்டினார். கோவில்பட்டி மேடை. என் வரிசையில், என் நாற்காலியில் தவசி. கோவில்பட்டி நிகழ்ச்சி நடந்து முடிந்ததே எனக்குத் தெரியாது. "தேதி தள்ளிப்போச்சு அண்ணாச்சி" என்று போன வாரம்தான் சொன்னான்.

தவசி பேசுகிறான்: "எங்க ஆறுமுகநயினார் அண்ணாச்சி முதுகு வலின்னு படுத்திருக்காவ. புது டாக்டரைப் பாத்தாவளாம். டாக்டரம்மா சொல்லிட்டா, வலி முதுகுல இல்லையாம், மூளையிலயாம். எங்களுக்கெல்லாம் ஒரே ஆச்சரியம். அந்த இடத்துல ஒண்ணுமே இல்லேன்னுல்லா இத்தனை நாளா நினைச்சிருந்தோம்!"

கோவில்பட்டி குலுங்கிவிட்டது.

மறைக்காமல் சொல்கிறேன், முதலில் சிரித்தவன் நான்தான். நல்ல ஜோக். இடைவெளி விட்ட இடம் சுத்தம். அப்புறம்தான் உறைத்தது. சிரிப்பு நெஞ்சைவிட்டு இறங்குவதற்குள் வலி இடுப்பிலிருந்து முழங்கால் வரை போய்விட்டது. ஜெராக்ஸ்காரர் நாற்காலி போட்டார்.

வலி மூளையில் என்று பிரிஸ்கில்லா சொன்னது இவனுக்கு எப்படித் தெரியும்?

நேரே பிசியோதெரபிக்குப் போனேன். வரிசையில் இருந்தவர்கள் காதுபடவே கேட்டேன். "டாக்டர்கிட்ட சொல்றது டாக்டரோட நிக்கணும்மா. ஊர் சிரிக்க விடலாமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. "நான் அப்படிச் செய்யமாட்டேன் சார்" என்றாள். குரல் ஏறவில்லை. "செய்யலைன்னா காத்தா போய்ச் சொல்லிச்சு?" என்றேன். நல்ல வசனம் என்று அப்போது தோன்றியது.

டிசம்பர் 3, புதன்

பிசியோதெரபிக்குப் போகவில்லை. மழை.

டிசம்பர் 8, திங்கள்

மழை விட்டுவிட்டது. போகவில்லை. படுத்தேதான் இருக்கிறேன். பேச்சி கோழிக்குழம்பு வைத்துத் தந்து, "நமக்கு எதுக்கு அந்த மேடை எழவெல்லாம்" என்றாள். ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

டிசம்பர் 12, வெள்ளி

தவசியின் கடைக்குப் போனேன். குத்துவிளக்கு பார்க்க வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஓர் இட்லிக் கொப்பரையை விலைக்குப் பேசுகிறவன் மாதிரி உருட்டிக்கொண்டு நின்றேன்.

"என் சீட்டைத்தான் எடுத்த. முதுகையுமா எடுக்கணும்? யாருவே சொன்னது உனக்கு, மூளைக் கதையை?"

தவசி என்னைப் பார்க்காமல் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்றிருந்த ஒரு செம்பைத் துடைத்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"சொல்லுலே."

"மதினிதான்."

"எந்த மதினி?"

"எத்தனை மதினி இருக்காவ அண்ணாச்சி எனக்கு? தீபாவளிக்கு முன்னாடியே போன் போட்டாவ. 'அவ்வொளக் கூப்பிடாதீய தம்பி. கால் விழுந்துரும்னு டாக்டர் சொல்லிட்டாவ. அவ்வோ கேட்டா தேதி தள்ளிப்போச்சுன்னு சொல்லிருங்க'ன்னாவ. அழுதாவ அண்ணாச்சி. நான் என்ன செய்ய? மத்தவங்களுக்கும் அவங்களே போன் போட்டுச் சொன்னாவ."

"மூளை?"

"அது போன மாசம். அப்பவும் போன் போட்டு, 'டாக்டரே மேடை ஏறலாம்னு சொல்லுதா, விட்டுராதீய'ன்னாவ. அந்த மூளைக் கதையையும் சொல்லிட்டு…" செம்பைக் கீழே வைத்தான். "சிரிச்சாவ. அந்த ஒண்ணுமில்லேங்கற வரி நான் போட்டதில்ல அண்ணாச்சி. மதினி போட்டது."

பேருந்து ஏறத் தோன்றவில்லை. ஈரடுக்குப் பாலம் ஏறி இறங்கி, ஆற்றுப்பாலம் தாண்டி, கொக்கிரகுளம் வழியாகப் பாளையங்கோட்டையில் வீடு வரை நடந்தே வந்தேன். வழியில் யார் கும்பிட்டார்கள், யாருக்குக் கும்பிட்டேன், ஒன்றும் நினைவில்லை. தவசி குத்தியிருந்தால் நண்பன் என்று ஆறியிருக்கும். எனக்குத் தெரிந்து நான் முதுகைக் காட்டிப் படுப்பது ஒரே ஓர் ஆளிடம்.

டிசம்பர் 13, சனி

கேட்டுவிட்டேன். மறுப்பாள் என்று நினைத்தேன். துவைத்த துணியை உதறிக்கொண்டே, "ஆமா, நான்தான்" என்றாள்.

"எதுக்கு?"

"பயந்துட்டேன். எங்க அய்யா கடைசிக் காலத்துல கிடந்த கிடை எனக்குத்தான் தெரியும். கால் விழுந்துட்டா உங்களை மேடையா வந்து தூக்கும்?"

"அந்தப் பிசியோதெரபிப் பொண்ணு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்ன பெறவும் போன் போட்டியே. அப்பவும் பயமா?"

வேட்டியைக் கொடியில் போட்டு, இந்த நுனியும் அந்த நுனியும் சமமாக இழுத்துவிட்டாள். அப்புறம் சொன்னாள்.

"அப்ப பயமில்ல. நீங்க மேடை ஏறாத அந்தக் கொஞ்ச நாளும் நான் கடைக்குப் போனேன். ஒருத்தியும் என்னைப் பாத்துச் சிரிக்கல. காய் வாங்குனேன், நின்னு பேசுனேன், வந்தேன். எங்க அக்கா மக கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டு ஆளு, 'ஏ, அந்தப் பேச்சி நீங்கதானா? நிறுத்தவே மாட்டீங்களாமே'ன்னு பந்தியில வச்சுக் கேட்டான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க பாயசம் ஊத்தச் சொல்லிக்கிட்டு இருந்தீய."

"அது மேடைக்காகச் சொல்றது. கலை."

"நல்லாருக்கே! நீங்க ஊருக்கு ஊர் என்னைக் கூட்டிட்டுப் போய் நிறுத்துனா அது கலை. நான் ஒரு போன் போட்டா துரோகம்."

எனக்கு இதற்கு நல்ல பதில்கள் இருந்தன. பேச்சிலே தோற்றவன் இல்லை இந்த ஆறுமுகநயினார். ஆனால் சாம்பார் தீய்கிற வாசம் வந்ததால் அவள் உள்ளே போய்விட்டாள். ஆகவே பதில் பதிவாகவில்லை.

யாராக இருந்தாலும் கோபம் வரும். வந்தது. எட்டு வீடு கேட்கும்படி கத்துகிற கோபம் இல்லை. அவள் கொண்டுவந்து வைத்த காபியைக் குடிக்காமல் விடுகிற கோபம்.

டிசம்பர் 22, திங்கள்

பிரிஸ்கில்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார்" என்றாள். அந்தப் பரவாயில்லையில் கொஞ்சம் பரவாயில்லாததும் இருந்தது. யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டவுனிலிருந்து நடந்து வந்ததை மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அவ்வளவு தூரமா? வலிச்சுதா சார்?"

"கவனிக்கலம்மா. வேற யோசனை."

"பாத்தீங்களா! உடையறதா இருந்தா அன்னிக்கே உடைஞ்சிருக்கணும்." குழந்தை எழுந்து நடந்ததைப் பார்த்தவள் போலச் சிரித்தாள். எனக்கும் சிரிக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

ஜனவரி 5, திங்கள்

நடுவர் ஐயாவுக்கு நானே போன் போட்டேன், போனை என் சட்டைப் பைக்குள் குடிவைத்த பிறகு. காணும் பொங்கல் மேடையில் எனக்கு இடம். தலைப்பு: 'இல்லறத்தில் அதிகம் விட்டுக்கொடுப்பது கணவனா? மனைவியா?' நான் கணவன் அணி. தவசி மனைவி அணி. கடவுளுக்கும் நகைச்சுவை வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பேச்சியிடம் சொன்னேன். "மெதுவா" என்று சொல்லவில்லை. பதிலுக்கு, "என் பேரைச் சொல்லமாட்டியளே?" என்றாள்.

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சொல்லமாட்டேன்னா சொல்லமாட்டேன்."

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

நின்றேன்! முதலில் அதை எழுதிவிடுகிறேன். பிரிஸ்கில்லா சொல்லிக்கொடுத்தபடி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி, மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்து, இரண்டடி இப்படியும் இரண்டடி அப்படியும் நடந்து, முழுப் பேச்சும் நின்றேன். வலி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

ஆனால் சபை ஏறவில்லை. தொடக்கத்தில் வந்த கைதட்டல் நோயாளிக்கு வந்த கைதட்டல். அரசியல் சொன்னேன், ஆட்டோ கட்டணம் சொன்னேன், என் முதுகையே சொன்னேன். கோவில்பட்டி வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கரும்பு கடிக்கும் சத்தம் மைக்கில் எனக்கே கேட்டது. பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணாச்சி, பேச்சி எங்க?" உடனே நாலு குரல். "பேச்சி! பேச்சி!"

பெண்கள் பக்கம் பார்த்தேன். வரவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தேன். எதிர்வீட்டு ஆச்சியோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பொங்கலுக்கு எடுத்த பச்சைச் சேலையில். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய் தானாகத் திறந்தது.

"பேச்சியையா கேக்கீய? இத்தனை மாசமா நான் ஏன் மேடையில இல்லேன்னு தெரியுமா உங்களுக்கு? முதுகு வலின்னு நினைச்சீங்களா? பேச்சி போட்டா ஒரு போன், என் பேச்சுக்குப் போட்டா ஒரு பூட்டு!"

பந்தல் எகிறியது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்த போன், தள்ளிப்போன தேதி, அழுகை எல்லாவற்றையும் போட்டேன். அவள் குரலிலேயே, "அவ்வொளக் கூப்பிடாதீய தம்பி" என்று பேசியபோது நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். எதிரணியில் தவசி மட்டும் குனிந்து தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். பொறாமை.

பந்தல் மொத்தமும் மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தது. அவளும் சிரித்தாள். நான் பார்த்தேன், நன்றாகவே சிரித்தாள். ஆகவே ஒன்றும் தப்பில்லை.

அந்த நேரத்தில் முதுகு இருக்கிற இடமே தெரியவில்லை.

ஜனவரி 19, திங்கள்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை. வீடு அமைதி.

இன்று காலை தள்ளுவண்டிக்காரர் வாசலில் நின்று, "அக்கா, இன்னிக்கு யாருக்குப் போன் போடணும்?" என்றார். பேச்சி சிரித்தாள். கத்தரிக்காய் வாங்கினாள். உள்ளே வந்து கூடையை வைத்துவிட்டு, இடது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாளா கழுத்துலருந்து தோள்வரை பிடிச்சு இழுக்குது."

எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏதோ பேசினாளே என்று. "பிரிஸ்கில்லாகிட்டக் காட்டுவோமே. கெட்டிக்காரி. நான் கூட்டிட்டுப் போறேன்."

கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் வைத்தாள். சொத்தை பார்த்தாள்.

"வேண்டாம். அந்தப் பிள்ள எங்க வலிக்குன்னு கேட்டா காட்டிருவேன். எப்பருந்துன்னுல்லா கேட்கும்."